பெரியவர்களுக்கான பாட்டு வானொலி: அமெரிக்க நிலையங்களின் வகைகளும் பெயர்களும்

அமெரிக்க வணிக வானொலியில் ஒரு நிலைய வகையின் பெயரோடு 'அடல்ட்' என்ற அடைமொழி சேர்ந்தால், அது நேயரின் வயதைச் சொல்கிறது என்று பொருள். பெரும்பாலும் 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களே அந்த நேயர்கள். வீட்டுக் கடன் கட்டுபவர்களும், கார் வாங்குபவர்களும், பிள்ளைகளுக்கு வேண்டியதைத் தீர்மானிப்பவர்களும் இவர்கள்தான் என்று விளம்பரதாரர்கள் கருதுவதால், இந்த வயதினரைத் திரட்டித் தரும் நிலையத்தின் விளம்பர நேரத்துக்கு விலை அதிகம். 1950களில் தொடங்கி இன்றுவரை இவர்களுக்காகவே பத்துப் பன்னிரண்டு வகை இசை நிலையங்கள் உருவாகியுள்ளன. மிடில் ஆஃப் தி ரோட், பியூட்டிஃபுல் மியூசிக், அடல்ட் கன்டெம்பரரி, குவையட் ஸ்டார்ம், ஸ்மூத் ஜாஸ், டிரிபிள் ஏ, கிளாசிக் ஹிட்ஸ் என்று அவற்றுக்குப் பெயர்கள் பல.

வானொலித் தொழிலில் இத்தகைய வகையை 'ஃபார்மட்' என்பார்கள். எந்தப் பாட்டு, எத்தனை முறை, அறிவிப்பாளர் எவ்வளவு பேசலாம், விளம்பரம் எந்த நிமிடத்தில் வரும், செய்தி உண்டா இல்லையா என்ற மொத்த ஏற்பாடும் அதில் அடங்கும். பெரியவர்களுக்கான ஃபார்மட்டுகளின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டு போக்குகள் தொடர்ந்து வருகின்றன. முதலாவது, ஒவ்வொரு வகையின் எல்லையும் அது ஒலிபரப்பும் பாட்டைவிட, ஒதுக்கிவைக்கும் பாட்டைக் கொண்டே வகுக்கப்பட்டது. இரண்டாவது, ஒரு பெயர் முதுமையை நினைவூட்டத் தொடங்கியதும், விளம்பரதாரர் ஒதுங்குவதற்கு முன்பே அந்தப் பெயர் மாற்றப்பட்டது.

டாப் 40க்கு எதிர்ப்புறம்

1950களின் தொடக்கத்தில் வானொலி நாடகங்களும் நகைச்சுவைத் தொடர்களும் தொலைக்காட்சிக்குப் போய்விட்டன. காலியான நேரத்தை நிரப்ப நிலையங்களுக்குக் கிடைத்த மலிவான சரக்கு இசைத்தட்டுதான். ஒமாஹா நகரில் கே.ஓ.டபிள்யூ.எச். நிலையத்தை நடத்திய டாட் ஸ்டோர்ஸ், காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ்களில் மக்கள் சில பாட்டுகளையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பதைக் கவனித்தார். அதே முறையை வானொலிக்குக் கொண்டுவந்தார். டாலஸில் கே.எல்.ஐ.எஃப். நிலையத்தின் உரிமையாளர் கார்டன் மெக்லெண்டனும் அதே வழியில் போனார். குறுகிய பட்டியலை இடைவிடாமல் சுழற்றும் டாப் 40 முறை இப்படி நிலைபெற்றது.

1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்ததும் அந்தப் பட்டியல் பதின்வயதினர் கைக்குப் போனது. பெரி கோமோவையும் நாட் கிங் கோலையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு நிலையம் தேவைப்பட்டது. பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ., சிகாகோவின் டபிள்யூ.ஜி.என்., மினியாபோலிசின் டபிள்யூ.சி.சி.ஓ. போன்ற பெரிய ஏ.எம். நிலையங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. செய்தி, வானிலை, போக்குவரத்து நிலவரம், விளையாட்டு வர்ணனை, அவற்றுக்கு நடுவே மிதமான பாட்டுகள் என்பது அவற்றின் நடைமுறை. இதை 'முழுச் சேவை' என்றும், இசையைப் பொறுத்தவரை 'மிடில் ஆஃப் தி ரோட்' என்றும் அழைத்தனர். சுருக்கமாக எம்.ஓ.ஆர். ஒரு பக்கம் ராக், மறு பக்கம் செவ்வியல் இசையும் ஜாஸும். இரண்டு ஓரங்களையும் தொடாமல் நடுவில் போகும் நிலையம் அது. இங்கே பாட்டைவிட அறிவிப்பாளரே முக்கியம். பல ஊர்களில் காலை நேர அறிவிப்பாளர் ஒருவரே இருபது முப்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

இந்தப் பிரிவினைக்கு எழுத்து வடிவம் கொடுத்தது பில்போர்டு வார இதழ். எல்லாப் பாட்டுகளையும் ஒன்றாக வரிசைப்படுத்தும் ஹாட் 100 பட்டியலை அது 1958 ஆகஸ்டில் தொடங்கியிருந்தது. 1961 ஜூலை 17 அன்று 'ஈஸி லிசனிங்' என்ற தனிப் பட்டியலை வெளியிட்டது. முதல் சில ஆண்டுகள் அந்தப் பட்டியலைத் தயாரித்த முறை எளிமையானது. ஹாட் 100ஐ எடுத்துக்கொண்டு, ராக் என்று தோன்றியவற்றையெல்லாம் அடித்துவிட்டு, மிஞ்சியவற்றை அதே வரிசையில் அடுக்கினார்கள். கழித்தல் கணக்கில் பிறந்த அந்தப் பட்டியலில் முதன்முதலாக முதலிடம் பெற்றது புரூக் பென்டன் பாடிய பாட்டு. 1965இல்தான் அது நிலையங்கள் உண்மையில் ஒலிபரப்பியதை வைத்துத் தனியாகக் கணக்கிடப்பட்டது. இடையில் மிடில் ரோட் சிங்கிள்ஸ், பாப் ஸ்டாண்டர்ட் சிங்கிள்ஸ் என்று பெயர் இரண்டு முறை மாறி, மீண்டும் ஈஸி லிசனிங் ஆனது. இந்த இசையைச் சரியாக என்னவென்று அழைப்பது என்பதில் தொழிலுக்கே தெளிவு இல்லாதிருந்த காலம் அது.

பியூட்டிஃபுல் மியூசிக்

எம்.ஓ.ஆர். நிலையத்தில் பேச்சு அதிகம். பேச்சே வேண்டாம், பின்னணியில் இசை மட்டும் போதும் என்பவர்களுக்காகப் பிறந்தது பியூட்டிஃபுல் மியூசிக். டாப் 40ஐ வளர்த்த அதே மெக்லெண்டன்தான் 1959இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஒரு நிலையத்தை வாங்கி, ஊரின் கேபிள் கார்களை நினைவூட்டும்படி கே.ஏ.பி.எல். என்று பெயர் மாற்றி, இந்த முறையை அங்கே வெற்றிகரமாக நடத்திக் காட்டினார். மான்டோவானி, பெர்சி ஃபெயித், ரே கானிஃப் ஆகியோரின் இசைக்குழுத் தட்டுகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. பெர்சி ஃபெயித்தின் 'எ சம்மர் பிளேஸ்' திரைப்பட இசை 1960இல் ஹாட் 100இல் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. இந்த வகைக்கு அன்று எவ்வளவு ஆதரவு இருந்தது என்பதற்கு அது சான்று.

இந்த வகையை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது எஃப்.எம். அலைவரிசை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1961இல் எஃப்.எம். ஸ்டீரியோவுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு பெரிய நகரங்களில் ஒரே உரிமையாளர் தம் ஏ.எம். நிகழ்ச்சியை எஃப்.எம்.மிலும் நாள் முழுவதும் அப்படியே ஒலிபரப்பக் கூடாது என்று விதித்தது. 1967 தொடக்கத்தில் அந்த விதி நடைமுறைக்கு வந்தபோது, நூற்றுக்கணக்கான எஃப்.எம். நிலையங்களுக்குப் புதிய நிகழ்ச்சி தேவைப்பட்டது. ஆள்செலவு இல்லாமல் கிடைத்தது பியூட்டிஃபுல் மியூசிக்.

ஃபிலடெல்ஃபியாவில் 1963இல் டபிள்யூ.டி.வி.ஆர். நிலையத்தை உயரத்துக்குக் கொண்டுவந்த மார்லின் டெய்லர் பிறகு பான்வில் நிறுவனத்துக்காகவும், ஜிம் ஷுல்கே தம் ஸ்டீரியோ ரேடியோ புரொடக்ஷன்ஸ் நிறுவனத்தின் மூலமும் இந்த இசையை நாடாச் சுருள்களில் பதிந்து நிலையங்களுக்கு அனுப்பினார்கள். நிலையத்தில் தானியங்கி இயந்திரம் அந்தச் சுருளை ஓட்டும்.

சுருளின் உள்ளமைப்பு நுணுக்கமானது. ஒரு மணி நேரம் நான்கு கால் மணிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கால் மணியிலும் வயலின்கள் மிகுந்த இசைக்குழுத் தட்டு, பியானோ, கிதார், நடுவே குரலோடு கூடிய பாட்டு ஒன்று என அடுக்கி, ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் வேகத்திலும் மனநிலையிலும் பொருந்துமாறு இணைத்தார்கள். பித்தளைக் கருவிகள் உரக்க முழங்கும் தட்டு, அழுத்தமான தாளம், அழுகைத் தொனியில் வரும் குரல் எல்லாம் விலக்கப்பட்டன. கால் மணி என்ற அளவுக்கும் காரணம் உண்டு. நேயர்களின் கணக்கை எடுத்த ஆர்பிட்ரான் நிறுவனம், ஒருவர் ஒரு கால் மணியில் ஐந்து நிமிடமாவது கேட்டால் அந்தக் கால் மணி முழுவதையும் அந்த நிலையத்தின் கணக்கில் சேர்த்தது. எழுந்து குமிழைத் திருப்பத் தூண்டும் எந்த ஒலியும் கூடாது என்பதே தொகுப்பாளர்களின் முதல் விதி.

இசைத்தட்டு நிறுவனங்கள் இத்தகைய தட்டுகளை வெளியிடுவதைக் குறைத்தபோது, நிகழ்ச்சி நிறுவனங்களே பணம் கொடுத்து இசைக்குழுக்களை அமர்த்தி, புதுப் பாட்டுகளை வயலினில் வாசிக்கச் செய்து பதிந்தன. 1970களில் பல பெருநகரங்களில் பியூட்டிஃபுல் மியூசிக் நிலையம் முதல் இடத்திலோ அதற்கு அடுத்தோ இருந்தது. நேயர்கள் அன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்தார்கள். 1980களில் அவர்கள் அறுபதைத் தொட்டதும், 54 என்ற கோட்டைத் தாண்டியவர்களுக்கு விளம்பரதாரர் பணம் தரவில்லை. நேயர் எண்ணிக்கை குறையாத நிலையங்கள்கூட அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் மென்மையான குரல் பாட்டுகளுக்கு மாறின.

அடல்ட் கன்டெம்பரரி

எம்.ஓ.ஆர். நேயருக்கும் இதே நிலைதான். அடுத்த தலைமுறையில், 1960களில் பீட்டில்ஸைக் கேட்டு வளர்ந்தவர் 1970களில் முப்பதை எட்டினார். அவருக்கு வயலின் இசைக்குழு ஒட்டாது. பிள்ளைகளின் இரைச்சலும் வேண்டாம். அதே நேரத்தில் கார்பென்டர்ஸ், ஜேம்ஸ் டெய்லர், கரோல் கிங், நீல் டயமண்ட், ஆன் மர்ரே, பாரி மனிலோ என்று ராக்கின் கருவிகளை மென்மையாகக் கையாண்ட ஒரு வரிசையும் கிடைத்தது. சாஃப்ட் ராக், மெல்லோ என்ற பெயர்களில் எஃப்.எம். நிலையங்கள் இவற்றை ஒலிபரப்பின. எம்.ஓ.ஆர். நிலையங்களும் பழைய பாடகர்களை மெல்ல இறக்கிவிட்டு இவர்களை ஏற்றின.

இரண்டு ஓடைகளும் சேர்ந்த இடத்துக்குத் தொழில் வைத்த பெயர் அடல்ட் கன்டெம்பரரி, அதாவது ஏ.சி. பில்போர்டு 1979 ஏப்ரல் 7 இதழிலிருந்து ஈஸி லிசனிங் பட்டியலை இந்தப் பெயருக்கு மாற்றியது. வயதை வெளிப்படையாகச் சொன்ன முதல் பெரிய பெயர் இது. ஆனால் நேயரிடம் எந்த நிலையமும் தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. ஏ.சி. என்பது விளம்பர முகவரின் மேசைக்கான பெயர். ஒலிபரப்பில் வந்தவை லைட், மேஜிக், சன்னி, வார்ம் போன்ற சொற்கள். நியூயார்க்கில் 106.7 அலைவரிசையில் கன்ட்ரி இசை ஒலிபரப்பிவந்த நிலையம் 1984 தொடக்கத்தில் டபிள்யூ.எல்.டி.டபிள்யூ. ஆகி, 'லைட் எஃப்.எம்.' என்று அறிமுகமானது. பிறகு நாட்டிலேயே அதிக நேயரைக் கொண்ட நிலையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

ஏ.சி.யின் முதன்மை நேயர் 25 முதல் 54 வயதுள்ள பெண். முதன்மை இடம் அலுவலகம். பலர் கூடி வேலை செய்யும் இடத்தில் யாரையும் எரிச்சலூட்டாத பாட்டு தேவை என்பதால், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஒரு பாட்டு இரண்டாம் முறை வராது என்று உறுதிகூறி, வந்தால் பரிசு தருவதாக அறிவித்த நிலையங்கள் பல. இரவு நேரத்துக்குக் காதல் பாட்டும் நேயரின் தொலைபேசிக் கதைகளும் பொருந்தின. 1996 முதல் அறிவிப்பாளர் டிலைலா நடத்திய நிகழ்ச்சி நாடெங்கும் உள்ள ஏ.சி. நிலையங்களுக்குப் போய், இந்த முறைக்கு அடையாளமானது. 2000களின் தொடக்கத்திலிருந்து நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுகளை மட்டுமே ஒலிபரப்புவதும் இவற்றின் வழக்கம். அந்த வாரங்களில் இவற்றின் நேயர் எண்ணிக்கை பல ஊர்களில் முதலிடத்துக்குத் தாவிவிடும்.

எந்தப் பாட்டு எல்லைக்குள் வரும் என்பதைச் சோதித்துத்தான் முடிவு செய்தார்கள். நிலையம் குறிவைக்கும் வயதினரை ஓர் அரங்கில் உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான பாட்டுகளிலிருந்து எளிதில் நினைவுக்கு வரும் ஏழெட்டு வினாடித் துணுக்குகளை ஓட்டுவார்கள். தெரியுமா, பிடிக்குமா, சலித்துவிட்டதா என்று தாளில் மதிப்பெண் போடுவது அவர்கள் வேலை. தேர்ந்த சில நூறு பாட்டுகளைக் கணினி வரிசைப்படுத்தும். 1979இல் வந்த செலக்டர் என்ற மென்பொருள் இந்த வேலையைப் பொதுவழக்காக்கியது. ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்து, எந்த நிமிடத்தில் புதுப் பாட்டு, எதில் பத்தாண்டுக்கு முந்தைய பாட்டு, எதில் விளம்பரம் என்று பிரிப்பதே இன்றும் நிகழ்ச்சி இயக்குநரின் அன்றாடப் பணி.

பழகிய பாட்டையே நேயர் விரும்புவதால் ஏ.சி. பட்டியல் மிக மெதுவாக நகரும். டோபி கிரே 1973இல் பாடிப் புகழ்பெற்ற 'டிரிஃப்ட் அவே' பாட்டை அங்கிள் கிராக்கர் மீண்டும் பாடியபோது, அது 2003, 2004 ஆண்டுகளில் 28 வாரம் ஏ.சி. முதலிடத்தில் இருந்தது. பாட்டு புதிது, மெட்டு முப்பதாண்டு பழையது என்ற அந்தச் சேர்க்கை இந்த வகைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது.

ஏ.சி.யின் கிளைகள்

ஒரே ஊரில் இரண்டு மூன்று ஏ.சி. நிலையங்கள் வந்ததும் வகை பிரிந்தது. நடுவில் நிற்பது மெயின்ஸ்ட்ரீம் ஏ.சி. அதைவிட மென்மையானது சாஃப்ட் ஏ.சி.; பியூட்டிஃபுல் மியூசிக் விட்டுப்போன இடத்தை 1980களின் இறுதியில் நிரப்பியது அதுதான். விறுவிறுப்பானது ஹாட் ஏ.சி. இதன் நேயர் இருபதுகளின் நடுவிலிருந்து நாற்பதுகளின் தொடக்கம் வரை. டாப் 40இல் ஓடும் புதுப் பாட்டுகள் இங்கும் வரும். கடுமையான ராக்கும் ராப்பும் வராது. 1990களில் ராப் இல்லாத ஹிட் பாட்டுகள் என்பதையே விளம்பர வாசகமாகச் சொன்ன நிலையங்கள் உண்டு. ராப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்த பதிப்புகளையும் ஒலிபரப்பினார்கள்.

ஹாட் ஏ.சி.க்கும் மெயின்ஸ்ட்ரீம் ஏ.சி.க்கும் இடையே வேகமும் புதுமையும் வேறுபட்டதால், பில்போர்டு 1996இல் அடல்ட் டாப் 40 என்ற தனிப் பட்டியலை அச்சிடத் தொடங்கியது. இன்று அதன் பெயர் அடல்ட் பாப் ஏர்பிளே. சான்டானாவும் ராப் தாமஸும் சேர்ந்து தந்த 'ஸ்மூத்' 1999இல் தொடங்கி ஹாட் 100இல் 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. அடல்ட் டாப் 40இல் 25 வாரம். பெரியவர்கள் பாட்டைத் தாமதமாக ஏற்று நெடுநாள் வைத்திருப்பார்கள் என்ற தொழில் நம்பிக்கையை இந்த இரு எண்களும் காட்டுகின்றன. 1990களின் நடுவில் கிதார் இசைக்குழுக்களையும் பெண் பாடலாசிரியர்களையும் முன்வைத்த மாடர்ன் ஏ.சி. என்ற கிளையும் சில ஆண்டுகள் செழித்து, பிறகு ஹாட் ஏ.சி.யில் கரைந்தது.

ராக் நேயர் பெரியவரானபோது

1967 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். எஃப்.எம். நிலையத்தில் டாம் டோனஹியூ தொடங்கிய நிகழ்ச்சியில் பட்டியலே இல்லை. அறிவிப்பாளர் தமக்குப் பிடித்த ஆல்பத்திலிருந்து எந்தப் பாட்டையும், எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஒலிபரப்பலாம். 1970களில் வானொலி ஆலோசகர் லீ ஆப்ரம்ஸ் அந்தச் சுதந்திரத்தை ஆராய்ச்சியின் கட்டுக்குள் கொண்டுவந்தார். பலராலும் அறியப்பட்ட குழுக்களின் தெரிந்த பாட்டுகளை மட்டும் சுழற்றும் அவரது 'சூப்பர்ஸ்டார்ஸ்' முறை பல ஊர்களுக்கும் பரவியது. அந்த வகைக்கு ஏ.ஓ.ஆர். என்று பெயர், ஆல்பம் ஓரியன்டட் ராக் என்பதன் சுருக்கம். அதன் நேயர் 18 முதல் 34 வயதுள்ள ஆண்.

இதே மூன்றெழுத்து அமெரிக்காவுக்கு வெளியே வேறு பொருள் கொண்டது. ஜப்பானில் ஏ.ஓ.ஆர். என்றால் அடல்ட் ஓரியன்டட் ராக். பாஸ் ஸ்காக்ஸ், பாபி கால்ட்வெல் போன்றோரின் மெருகேறிய கலிஃபோர்னியப் பாணி மென்பாட்டுகளை அங்கே அப்படி அழைத்தார்கள்.  அமெரிக்க ஏ.ஓ.ஆர். நிலையம் ஒலிபரப்பிய கன ராக்கும் ஜப்பானிய ஏ.ஓ.ஆர். தட்டும் ஒரே கடையில் வெவ்வேறு அலமாரிகளில் இருக்க வேண்டியவை.

ஏ.ஓ.ஆர். நேயர் முப்பதைத் தாண்டியதும் அந்த வகை இரண்டாகப் பிரிந்தது. புதுப் பாட்டே வேண்டாம், இளமையில் கேட்டதே போதும் என்பவருக்கு 1980களில் ஃபிரெட் ஜேக்கப்ஸ் போன்ற ஆலோசகர்கள் கிளாசிக் ராக் வகையை உருவாக்கித் தந்தார்கள். புதிதாகவும் கேட்க வேண்டும், ஆனால் கத்தல் வேண்டாம் என்பவருக்கு அடல்ட் ஆல்பம் ஆல்டர்நேட்டிவ் வந்தது. டிரிபிள் ஏ என்பது வழக்கு. சிகாகோவின் டபிள்யூ.எக்ஸ்.ஆர்.டி., கொலராடோவில் போல்டரின் கே.பி.சி.ஓ., சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.எஃப்.ஓ.ஜி. ஆகியவை இதன் முன்னோடிகள். ராக், நாட்டார் இசை, புளூஸ், ரெக்கே எல்லாம் இதில் கலந்து வரும். பட்டியல் மற்ற வகைகளைவிட மிகப் பெரியது. நேயர் எண்ணிக்கை குறைவு என்றாலும் படித்தவர்கள், வருமானம் உள்ளவர்கள் என்பது விளம்பரப் பிரிவின் வாதம். விளம்பரமில்லாப் பொது வானொலிகளிலும் இது வேரூன்றியது. ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூ.எக்ஸ்.பி.என். 1991இல் தொடங்கிய 'வேர்ல்டு கஃபே' நிகழ்ச்சி பிற ஊர்ப் பொது நிலையங்களுக்கும் போகிறது.

குவையட் ஸ்டார்மும் அர்பன் ஏ.சி.யும்

ஏ.சி. பட்டியலில் கறுப்பினக் கலைஞர் சிலர் இடம்பெற்றாலும், சோல், ஆர் அண்ட் பி இசையின் பெரும்பகுதி அதற்கு வெளியேதான் இருந்தது. கறுப்பின நடுத்தர வர்க்கத்துக்கான வானொலி தனியாக உருவானது. வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எச்.யூ.ஆர். நிலையத்தில் 1976இல் மாணவப் பயிற்சியாளராக இருந்த மெல்வின் லின்ட்சே, வர வேண்டிய அறிவிப்பாளர் வராத இரவில் ஒலிவாங்கி முன் அமர்ந்து மெதுவான காதல் பாட்டுகளைத் தொடர்ச்சியாகப் போட்டார். நேயரின் வரவேற்பைக் கண்ட நிலைய மேலாளர் கேத்தி ஹியூஸ் அதை இரவு நிகழ்ச்சியாக்கினார். ஸ்மோக்கி ராபின்சனின் 1975ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து குவையட் ஸ்டார்ம் என்ற பெயர் அதற்கு வந்தது. சில ஆண்டுகளில் கறுப்பின நிலையங்கள் பலவற்றில் இரவு என்றாலே அந்த முறைதான். ஒரு நிகழ்ச்சியின் பெயர் ஓர் இசை வகையின் பெயராகவே நிலைத்தது.

இதே காலத்தில் நியூயார்க்கின் டபிள்யூ.பி.எல்.எஸ். நிலையத்தில் ஃபிராங்கி கிராக்கர், சோலையும் டிஸ்கோவையும் ஜாஸையும் கலந்து கொடுத்ததற்கு அர்பன் கன்டெம்பரரி என்ற பெயர் பரவியது. விளம்பரதாரர்கள் கறுப்பின நிலையம் என்றதும் விலகிய சூழலில், நகரம் என்று மட்டும் சொல்லும் பெயர் வணிகத்துக்கு உதவியது. இத்தகைய நிலையங்களுக்கு விளம்பரம் கொடுக்கவே கூடாது என்ற கட்டளைகள் முகவர்களிடையே நெடுங்காலம் புழங்கின. அத்தகைய பாகுபாடு கூடாது என்று எஃப்.சி.சி. 2007இல்தான் விளம்பர ஒப்பந்தங்களுக்கு விதி செய்தது.

1980களில் ஹிப் ஹாப் எழுந்ததும் அர்பன் வகையிலும் வயதுக் கோடு விழுந்தது. ராப் கேட்கும் இளைஞர் ஒரு பக்கம். லூதர் வான்ட்ராஸ், அனிடா பேக்கர், மேஸ் குழு ஆகியோரைக் கேட்கும் பெற்றோர் மறு பக்கம். பின்னவர்களுக்கானது அர்பன் அடல்ட் கன்டெம்பரரி. பில்போர்டு 1993இல் இதற்குத் தனிப் பட்டியல் தொடங்கியது. காலையில் டாலஸிலும் மாலையில் சிகாகோவிலும் தினமும் விமானத்தில் பறந்து நிகழ்ச்சி நடத்திப் பெயர்பெற்ற டாம் ஜாய்னர், 1994 முதல் நாடு தழுவிய காலை நிகழ்ச்சியை நடத்தினார். இசையோடு வாக்காளர் பதிவு, கறுப்பினக் கல்லூரிகளுக்கான நிதி போன்றவற்றையும் பேசிய அந்த நிகழ்ச்சி, எம்.ஓ.ஆர். கைவிட்ட முழுச் சேவை மரபை இந்த வகையில் தொடர்ந்தது.

ஸ்மூத் ஜாஸ்

1987 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பழைய ராக் நிலையமான கே.எம்.இ.டி. மூடப்பட்டு, 94.7 அலைவரிசையில் 'தி வேவ்' பிறந்தது. தொடக்கத்தில் அதற்கு அறிவிப்பாளரே கிடையாது. நியூ ஏஜ் இசை, மென்மையான ஜாஸ் கருவியிசை, இடையிடையே குரல் பாட்டு என்று ஓடிய இதை நியூ அடல்ட் கன்டெம்பரரி, அதாவது என்.ஏ.சி. என்றார்கள். பிறகு நேயர்க் குழுக்களிடம் கருத்துக் கேட்டபோது கிடைத்த ஸ்மூத் ஜாஸ் என்ற சொல்லே நிலைத்தது. கென்னி ஜி வாசித்த 'சாங்பேர்ட்' அதே 1987இல் ஹாட் 100இல் நான்காம் இடம் வரை போனது இந்த வகைக்கு ஊக்கமானது. ஜாஸ் விமர்சகர்கள் ஏற்கவில்லை. பல் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் ஏற்றன.

பழைய பாட்டும் புதுப் பெயரும்

கடந்தகாலப் பாட்டுகளை மட்டும் ஒலிபரப்பும் வகைகளும் பெரியவர்களுக்கானவையே. ராக்குக்கு முந்தைய பாடகர்களை எம்.ஓ.ஆர். கைவிட்டபோது, 1978இல் ஆல் ஹாம் 'மியூசிக் ஆஃப் யுவர் லைஃப்' என்ற தொகுப்பை நிலையங்களுக்கு விற்கத் தொடங்கினார். அடல்ட் ஸ்டாண்டர்ட்ஸ் எனப்பட்ட அந்த வகை, எஃப்.எம்.மிடம் இசை நேயரை இழந்துகொண்டிருந்த ஏ.எம். நிலையங்களில் தங்கியது.

அடுத்த தலைமுறைக்கு ஓல்டீஸ். 1972இல் நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். நிலையம் ராக் அண்ட் ரோல் காலப் பாட்டுகளுக்கு மாறி, இந்த வகையின் முதன்மை நிலையமானது. நேயரின் வயது 54ஐ நெருங்கியதும் 2005 ஜூன் 3 அன்று, முன்னறிவிப்பின்றி, அதை 'ஜாக்' என்ற முறைக்கு மாற்றினார்கள். கனடாவில் 2002இல் வேர்பிடித்த அந்த முறை அடல்ட் ஹிட்ஸ் எனப்பட்டது. அறிவிப்பாளர் இல்லை, பதிவுசெய்த கிண்டல் குரல் மட்டும், பட்டியலில் வழக்கமான முந்நூறு நானூறுக்குப் பதில் ஆயிரத்துக்கும் மேல் பாட்டுகள், நாங்கள் நினைத்ததைப் போடுவோம் என்ற தோரணை. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ஜாக் நிலைத்துவிட்டது. நியூயார்க் நேயர் ஏற்கவில்லை. 2007 ஜூலை 12 அன்று டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். பழைய பாட்டுகளுக்குத் திரும்பியது. ஆனால் 1950களின் பாட்டுகள் பெரும்பாலும் நீங்கி, 1970களும் 1980களும் நடுநாயகமாயின. அந்த வகைக்கு இன்று நாடெங்கும் வழங்கும் பெயர் கிளாசிக் ஹிட்ஸ். பெயர் நிற்கிறது, அதற்குள் இருக்கும் பத்தாண்டுகள் நேயரின் வயதோடு நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

கணக்கெடுப்பு மாறியபோது

2007 வரை நேயர் தாம் கேட்ட நிலையத்தை ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதி அனுப்புவதே கணக்கெடுப்பு. நினைவில் நிற்கும் பெயரே எழுதப்படும் என்பதால், விசுவாசமான நேயரைக் கொண்ட நிலையங்களுக்கு அது சாதகம். 2007இல் ஃபிலடெல்ஃபியாவிலும் ஹூஸ்டனிலும் தொடங்கி, இடுப்பில் செருகிய சிறு கருவி சுற்றுப்புறத்தில் ஒலிக்கும் நிலையத்தைத் தானே பதிவு செய்யும் முறை வந்தது. கடையிலும் அலுவலகத்திலும் காதில் விழுவதெல்லாம் கணக்கில் சேர்ந்தது. எல்லா இடத்திலும் ஒலிக்கும் மெயின்ஸ்ட்ரீம் ஏ.சி.யும் கிளாசிக் ஹிட்ஸும் உயர்ந்தன. சிலர் மட்டும் நெடுநேரம் கேட்கும் ஸ்மூத் ஜாஸ் பல நகரங்களில் சரிந்தது. நியூயார்க்கின் சிடி 101.9 நிலையம் 2008 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் வேவ் சில ஆண்டுகளில் மென்மையான ஆர் அண்ட் பி கலந்த ஏ.சி.யாக மாறியது. 2010களின் பிற்பகுதியில் 'தி பிரீஸ்' போன்ற பெயர்களில் சாஃப்ட் ஏ.சி. சில ஊர்களில் மீண்டும் தலைதூக்கியது.

இந்த வகைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஒரே பாட்டின் பயணத்தில் காணலாம். ஃபிளீட்வுட் மேக்கின் 'ட்ரீம்ஸ்' 1977இல் ஹாட் 100இல் முதலிடம் பெற்றது. அந்த ஆண்டு அது டாப் 40 நிலையத்தில் புதுப் பாட்டு, ஏ.ஓ.ஆர். நிலையத்தில் ஒரு பெரிய ஆல்பத்தின் பகுதி. பெரியவர்களுக்கான நிலையத்தில் மென்மையான ராக். அதே பாட்டு பின்னர் கிளாசிக் ராக், அடல்ட் ஹிட்ஸ், கிளாசிக் ஹிட்ஸ், சாஃப்ட் ஏ.சி. பட்டியல்கள் ஒவ்வொன்றிலும் இடம்பிடித்தது. பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எது ஒலிக்கலாம், எது ஒலிக்கக் கூடாது, கேட்பவரின் வயது என்ன என்ற மூன்றுமே ஒவ்வொரு முறையும் நிலையத்தின் பெயரைத் தீர்மானித்தன.